யார் கை முழம்? எம், ரெம், விஎச் அலகுகளால் பக்கம் கோணலானால் பார்க்க வேண்டிய இடங்கள்

பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினால் எவ்வளவு பூ வரும் என்பது அவர் கையைப் பொறுத்தது. முழம் ஒன்றும் தப்பான அளவு இல்லை. யார் கை என்று பார்க்காமல் பேரம் பேசினால்தான் தகராறு. வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் எம், ரெம், சதவீதம், விஎச் (திரை உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு), விடபிள்யூ (திரை அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு) எல்லாமே முழக் கணக்குதான். பக்கம் கோணலானால் பலரும் எண்ணைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள்: 0.9 போட்டுப் பார், சரிவரவில்லையா, 0.95 போட்டுப் பார். நான் பார்த்தவரை எண்ணில் கோளாறு இருப்பது அபூர்வம். எந்தக் கையால் அளக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி. உங்கள் பக்கத்தில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். பண்புகளின் பெயர்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றுதான். சந்தேகப்படும் இடத்தில் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போய், டெவ்டூல்ஸில் கம்ப்யூட்டட் பகுதியைத் திறங்கள். நீங்கள் எம் என்று எழுதியிருந்தாலும் ரெம் என்று எழுதியிருந்தாலும் அங்கே பிக்சலில் முடிவு தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்து அதன் தாய் உறுப்பை, அதாவது அதைச் சுற்றியிருக்கும் உறுப்பைச் சொடுக்கி அதன் எண்ணையும் பாருங்கள். இப்படி மேலே ஏறிக்கொண்டே போனால் எந்தப் படியில் கணக்கு மாறியது என்று தெரிந்துவிடும்.

பட்டியலுக்குள் பட்டியல் போகப் போக எழுத்து தேய்கிறது

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பட்டியல் உருப்படிக்கு ஃபான்ட்-சைஸ் 0.8எம் கொடுத்திருப்பீர்கள். ஃபான்ட்-சைஸில் வரும் எம், தாயின் எழுத்தளவைப் பார்க்கும். பக்கம் 16 பிக்சல் என்றால் முதல் அடுக்கு 12.8, அதற்குள் இருக்கும் அடுக்கு 10.24, அதற்கும் உள்ளே 8.19. மூன்றாம் அடுக்கைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

தீர்வு இரண்டு. 0.8ரெம் என்று மாற்றினால் எத்தனை அடுக்கு இருந்தாலும் 12.8தான், ஏனென்றால் ரெம் பக்கத்தின் வேரை, அதாவது எச்டிஎம்எல் உறுப்பை மட்டுமே பார்க்கும். அல்லது எம்மையே வைத்துக்கொண்டு, உள் பட்டியலின் உருப்படிகளுக்கு மட்டும் 1எம் என்று ஒரு வரி சேர்க்கலாம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். ஒரே மாதிரித் தெரிய வேண்டிய எழுத்துக்கு ரெம் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி திரும்ப வராது.

எல்லாவற்றுக்கும் 1எம் கொடுத்தும் இடது ஓரம் ஒரே கோட்டில் இல்லை

ஃபான்ட்-சைஸ் தவிர்த்த மற்ற எல்லாப் பண்புகளிலும் எம் தன் சொந்த எழுத்தளவைப் பார்க்கும். 32 பிக்சல் தலைப்புக்கு பேடிங்-லெஃப்ட் 1எம் என்றால் 32, அதன் கீழே இருக்கும் 16 பிக்சல் பத்திக்கு அதே 1எம் என்றால் 16. ஓரம் சேர வேண்டிய இடத்தில் ரெம் போடுங்கள். பொத்தானின் உள்விளிம்பு மாதிரி எழுத்தோடு சேர்ந்து வளர வேண்டிய இடத்தில் எம் நல்லது.

இதற்கு ஒரு ஒளிந்த வடிவம் உண்டு. இடைவெளியை ஒரு மாறியில் 1எம் என்று வேரிலேயே வைத்துவிட்டு, அது எல்லா இடத்திலும் 16தான் இருக்கும் என்று நம்புவது. சாதாரண சிஎஸ்எஸ் மாறி பிக்சலாக மாற்றிய விடையைச் சுமந்து வராது, '1எம்' என்ற எழுத்தையே சுமந்து வரும். எங்கே பயன்படுத்துகிறீர்களோ அந்த உறுப்பின் கையால்தான் அளக்கும். மாறிக்குள் ரெம் வைத்தால் போதும்.

பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கியும் தளம் அசையவில்லை

இது நம் கண்ணில் படாது, பயனர் சொன்னால்தான் தெரியும். சில வருடம் முன்னால் நான் செய்து கொடுத்த ஒரு தளத்தை என் அப்பா தன் கணினியில் திறந்தார். அவர் குரோமில் எழுத்தளவை 'மிகப் பெரியது' என்று வைத்திருப்பவர். மற்ற தளங்களில் எழுத்து நன்றாகப் பெரிதாக வர, நான் செய்த தளத்தில் மட்டும் பொடிப்பொடியாக நின்றது. "நீ செஞ்சதுதானா இது?" என்று கேட்டார். அன்று இரவே திருத்தினேன்.

குரோமின் அமைப்புகளில் எழுத்தளவுக்கு ஐந்து படிகள் உண்டு: 9, 12, 16, 20, 24 பிக்சல். நாம் 16 என்று பழகிப்போனது நடுப்படி மட்டுமே. எச்டிஎம்எல் உறுப்புக்கு ஃபான்ட்-சைஸ் 16பிஎக்ஸ் என்று எழுதிவிட்டால், பயனர் 24 என்று கேட்டிருந்தாலும் நாம் 16 என்று அடித்துச் சொல்கிறோம். அதன்பின் பக்கம் முழுக்க ரெம் எழுதியும் பயனில்லை, கையையே வெட்டியாயிற்று. அந்த வரியை நீக்குங்கள், அல்லது 100% என்று மாற்றுங்கள்.

ஜூம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். ஜூம் வேறு, இந்த அமைப்பு வேறு. ஜூம் செய்தால் பிக்சலும் சேர்ந்து பெரிதாகும், படமும் ஓரங்களும் எல்லாமே வளரும். எழுத்தளவை மட்டும் மாற்றியவருக்கு எழுத்து மட்டும்தான் வளர வேண்டும். சோதிக்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இங்கே 62.5% வித்தையைச் சொல்லாமல் போக முடியாது. வேருக்கு 62.5% கொடுத்தால் 1ரெம் 10 பிக்சல் ஆகும், மனக்கணக்கு சுலபம். பயனர் அமைப்பையும் அது கெடுக்காது, சதவீதம் என்பதால். ஆனால் வெளியிலிருந்து எடுத்துப் போடும் நாட்காட்டியோ கருத்துப் பெட்டியோ 1ரெம் என்றால் 16 என்று நம்பி எழுதப்பட்டிருக்கும். அவையெல்லாம் உங்கள் பக்கத்தில் வந்ததும் சுருங்கிப்போய் உட்காரும். 'விட்ஜெட் மட்டும் குட்டியாக வருகிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்த 62.5-ஐத்தான். இன்றைக்கு எழுதும் தளத்தில் அது வேண்டாம் என்பது என் கட்சி. 16-ஆல் வகுக்க எடிட்டரே உதவி செய்கிறது.

மீடியா குவெரி சொன்ன அகலத்தில் மாறவில்லை

மேலே சொன்ன வித்தையின் பக்கவிளைவு. வேருக்கு 62.5% கொடுத்துவிட்டு, '64எம் என்றால் 640 பிக்சல்' என்று மீடியா குவெரி (திரை அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் விதி) எழுதுகிறோம். அது 1024-இல்தான் மாறும். மீடியா குவெரிக்குள் வரும் எம்மும் ரெம்மும் நீங்கள் வேருக்குக் கொடுத்த அளவைக் கண்டுகொள்ளாது. பிரவுசரின் ஆரம்ப அளவை, அதாவது பயனர் அமைப்பில் இருப்பதை மட்டுமே பார்க்கும். 64-ஐ 16-ஆல் பெருக்கினால் 1024.

இதில் ஒரு நல்லதும் உண்டு. 40எம் என்று எழுதினால் சாதாரணமாக 640 பிக்சல், 24 வைத்திருப்பவருக்கு 960. எழுத்து பெரிதானால் இரண்டு பத்தி அமைப்பு சீக்கிரமே ஒன்றாகிவிடும். அவருக்கு அதுதான் வேண்டும்.

'என் மெஷினில் சரியாக இருக்கிறது, அவர் லேப்டாப்பில் டேப்லெட் வடிவம் வருகிறது' என்றால் அலகைச் சந்தேகப்படும் முன் திரையைச் சந்தேகப்படுங்கள். 1366 அகலத் திரையில் விண்டோஸ் ஸ்கேலிங் 125% என்றிருந்தால் பிரவுசருக்குக் கிடைப்பது சுமார் 1093 பிக்சல்தான். 1100-இல் வடிவம் மாறும்படி உடைப்பு (பிரேக்பாயின்ட்) வைத்திருந்தால் அவர் அந்தப் பக்கம் விழுந்துவிடுவார்.

தமிழ்த் தலைப்பு இரண்டு வரியானால் எழுத்துகள் முட்டிக்கொள்கின்றன

ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழை ஊற்றும் எல்லோரும் ஒருநாள் இங்கே வருவார்கள். மேல் வரியில் 'மூன்று' என்று இருக்கிறது, 'று'வின் வால் கீழே இறங்குகிறது. கீழ் வரியில் 'கீழடி', 'கீ'யின் சுழி மேலே ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு முடிச்சு.

முதல் காரணம் லைன்-ஹைட்டுக்கு அலகு போட்டது. பாடிக்கு லைன்-ஹைட் 1.6எம் என்றோ 160% என்றோ எழுதினால், பாடியிலேயே கணக்குப் போட்டு 25.6 பிக்சல் என்று விடை வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போவது அந்த 25.6. தலைப்பின் எழுத்து 40 பிக்சல், வரிக்குக் கிடைத்த இடம் 25.6. முட்டாமல் என்ன செய்யும்? வெறும் 1.6 என்று அலகில்லாமல் எழுதுங்கள். அப்போது பிள்ளைகளுக்குப் போவது பெருக்கும் எண். தலைப்பு தன் 40-ஐ 1.6-ஆல் பெருக்கி 64 எடுத்துக்கொள்ளும். சிஎஸ்எஸ்ஸில் அலகு போடாமல் விடுவது நல்லதாக இருக்கும் அபூர்வமான இடம் இது.

அலகை எடுத்த பிறகும் நெருக்கமாகத் தெரிந்தால் எண்ணே போதவில்லை. ஆங்கிலத் தலைப்புக்கு 1.1, 1.2 என்று டெம்ப்ளேட்டில் இருக்கும். தமிழில் புள்ளியும் இகரச் சுழியும் மேலே, உகரக் கொக்கி கீழே. நான் உடல் எழுத்துக்கு 1.7 முதல் 1.8 வரையும், பெரிய தலைப்புக்கு 1.35 முதல் 1.45 வரையும் வைக்கிறேன். இது விதி இல்லை, எழுத்துருவைப் பொறுத்து மாறும். 'மூன்று கீழடி' என்பதை இரண்டு வரியாக உடைத்து வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் ஒவ்வொரு தளத்திலும் இந்தச் சொற்களையே போட்டுப் பார்ப்பதால், ஒருமுறை அகழாய்வுப் பக்கம் எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்டார்.

அடுத்தது, வரிக்கு வரி இடைவெளி வித்தியாசப்படுவது. முழு ஆங்கில வரி நெருக்கமாக, தமிழ்ச் சொல் வந்த வரி மட்டும் அகலமாக இருக்கும். லைன்-ஹைட் 'நார்மல்' என்று விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்த வரியில் எந்தெந்த எழுத்துருக்கள் உண்மையில் வந்தனவோ அவற்றின் உயரத்தையெல்லாம் பிரவுசர் சேர்த்துப் பார்க்கும். எண் ஒன்றைக் கொடுத்தால் ஒழுங்காகிவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கம். இரண்டும் 16 பிக்சல்தான், ஆனால் ஆங்கிலம் ஒரு அளவும் தமிழ் ஒரு அளவுமாகத் தெரிகிறது. எம் என்பது எழுத்தின் உயரம் இல்லை. அது பழைய அச்சகத்தில் ஈய எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் அளவு. கட்டைக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். அதுவும் நீங்கள் தமிழ் எழுத்துரு எதுவும் குறிப்பிடாவிட்டால் விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஆளுக்கொன்று வரும். எனவே முதலில் தமிழுக்கு ஒரு எழுத்துருவை நீங்களே ஏற்றுங்கள். ஃபான்ட்-ஃபேஸ் விதியில் யூனிகோட்-ரேஞ்ச் மூலம் அதைத் தமிழ் எழுத்துகளுக்கு மட்டும் என்று கட்டிவிட்டு, அதே விதியில் சைஸ்-அட்ஜஸ்ட் 92% என்பது போல் கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்து மட்டும் சுருங்கும். எழுத்தளவின் கணக்கு 16ஆகவே இருப்பதால் எம்மில் வைத்த இடைவெளி எதுவும் நகராது. தமிழுக்கென்று ஒவ்வொரு இடத்திலும் ஸ்பான் போட்டு 0.92எம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

பத்திக்கு 65சிஎச் கொடுத்தேன், வரிக்கு ஆறு சொல்தான் வருகிறது

சிஎச் என்பது அந்த எழுத்துருவில் பூஜ்ஜியத்தின் அகலம். 65சிஎச் என்றால் 65 பூஜ்ஜியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நீளம். ஆங்கிலத்துக்கு அது ஏறக்குறைய 65 எழுத்தாகவோ கொஞ்சம் கூடவோ ஒத்துப்போகும். நம் 'ண'வும் 'ஔ'வும் பூஜ்ஜியத்தைவிட எவ்வளவு அகலம்! 'கொ' ஒரு எழுத்துதான், ஆனால் மூன்று உருவம் அகலத்துக்கு உட்காரும். போதாததற்கு நம் சொற்களும் நீளம். எழுத்துரு வந்து சேருமுன் மாற்று எழுத்துரு தெரிந்தால் பூஜ்ஜியம் மாறி, பத்தியின் அகலமும் ஒருமுறை துள்ளும். தமிழ்ப் பத்திக்கு மேக்ஸ்-விட்த் 38ரெம் அளவில் தொடங்கி, வரிக்கு எட்டு ஒன்பது சொல் வருகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

மொபைலில் கீழே இருக்கும் பொத்தான் மறைந்துவிடுகிறது

முகப்புப் பகுதிக்கு 100விஎச் உயரம். கணினியில் அழகாக இருக்கிறது, டெவ்டூல்ஸில் மொபைல் வடிவத்தில் பார்த்தாலும் சரி. கையில் போனை எடுத்துத் திறந்தால் 'பதிவு செய்க' பொத்தான் திரைக்குக் கீழே போயிருக்கிறது. லேசாகத் தள்ளினால் வருகிறது.

போனில் முகவரிப் பட்டை வரும், போகும். விஎச் அளக்கும் திரை, பட்டை மறைந்த பிறகு கிடைக்கும் பெரிய திரை. பக்கம் திறக்கும் கணத்திலோ பட்டை இருக்கிறது. அந்தப் பட்டையின் உயரம் அளவுக்கு உங்கள் பெட்டி கீழே வழிகிறது. டெவ்டூல்ஸில் இது தெரியாததற்குக் காரணம், அங்கே பட்டையே இல்லை.

இதற்காகவே மூன்று அலகுகள் வந்தன. எஸ்விஎச் பட்டை இருக்கும்போதுள்ள சிறிய திரை, எல்விஎச் பட்டை போன பிறகுள்ள பெரிய திரை, டிவிஎச் அந்தந்தக் கணத்தில் என்னவோ அது. சஃபாரி 15.4, ஃபயர்ஃபாக்ஸ் 101, குரோம் 108 என்று 2022-க்குள் எல்லாவற்றிலும் வந்துவிட்டன. பழைய போனுக்காக மின்-ஹைட் 100விஎச் என்று ஒரு வரி, அதன் கீழே மின்-ஹைட் 100எஸ்விஎச் என்று இன்னொரு வரி எழுதுங்கள். புரியாத பிரவுசர் இரண்டாவதை விட்டுவிடும்.

டிவிஎச்தானே புத்திசாலி, அதையே போட்டால் என்ன? போட்டுப் பார்த்தேன். முகப்பில் டிவிஎச் வைத்தால் விரலால் தள்ளும்போது பட்டை மறைய மறைய பெட்டியின் உயரம் மாறி, அதன் கீழே இருக்கும் எழுத்தெல்லாம் நகர்கிறது. படிப்பவர் கண்ணுக்கு எரிச்சல். முகப்புக்கு எஸ்விஎச். திரை முழுக்க மூடும் மெனு, உரையாடல் பெட்டி போன்றவற்றுக்கு டிவிஎச். எல்விஎச் எனக்கு இதுவரை பின்னணிப் படத்துக்கு மட்டுமே தேவைப்பட்டிருக்கிறது.

கீபோர்டு திறக்கும்போது டிவிஎச் சுருங்கும் என்று நம்பாதீர்கள். குரோம் 108 முதல் ஆண்ட்ராய்டிலும் கீபோர்டு பக்கத்தின் மேல் வந்து மூடுகிறதே தவிர, தளவமைப்பின் அளவை மாற்றுவதில்லை. அரட்டைப் பெட்டி மாதிரி ஏதாவது செய்தால், வியூபோர்ட் மெட்டாவில் (திரையளவைப் பிரவுசருக்குச் சொல்லும் குறி) இன்டராக்டிவ்-விட்ஜெட் என்பதற்கு ரிசைசஸ்-கன்டென்ட் என்று கொடுத்தால் குரோமில் பழையபடி சுருங்கும்.

பக்கம் இடமும் வலமும் ஆடுகிறது

இரண்டு காரணம் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று 100விடபிள்யூ. இந்த அகலத்தில் செங்குத்து ஸ்க்ரோல்பாரும் அடக்கம். விண்டோஸில் அந்தப் பட்டை 15 பிக்சல் வாக்கில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்துக்குள் 100விடபிள்யூ பெட்டி எப்படி நுழையும், அந்தப் பதினைந்து பிக்சல் வெளியே தள்ளும், கீழே ஒரு கிடைமட்டப் பட்டை முளைக்கும். மேக்கில் ஸ்க்ரோல்பார் வழக்கமாக எழுத்தின் மேல் மிதப்பதால் அங்கே இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. மேக்கில் செய்து விண்டோஸில் மாட்டிக்கொள்ளும் கதைகளில் இதற்குத்தான் முதலிடம். பெரும்பாலும் அந்த வரியே தேவையில்லை: டிவ் தானாகவே கிடைக்கும் அகலம் முழுக்க நிற்கும். கட்டாயம் வேண்டுமென்றால் 100% போடுங்கள்.

இரண்டாவது, நம் மொழியின் சீதனம். கிரிடில் இரண்டு பத்தி, 1எஃப்ஆர் 1எஃப்ஆர். சரிபாதி வர வேண்டும். ஒரு பத்தியில் 'ஒருங்கிணைக்கப்பட்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்தால் அந்தப் பத்தி ஊதிப்போய் மற்றதை நெருக்கும், போனில் திரையையே தாண்டும். 1எஃப்ஆர் என்பது 'உள்ளே இருக்கும் உடையாத பொருளைவிடக் குறுகாதே' என்ற நிபந்தனையோடு வருகிறது. மின்மேக்ஸ் அடைப்புக்குள் 0, 1எஃப்ஆர் என்று எழுதினால் அந்த நிபந்தனை போய்விடும். ஃப்ளெக்ஸில் இதே வேலையை மின்-விட்த் 0 செய்யும். பிறகு ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு எனிவேர் கொடுத்தால் சொல் வரி மாறி உடையும். மெய்யையும் உயிர்க்குறியையும் பிரிக்காமல் எழுத்து முழுதாக நிற்கும் இடத்தில்தான் உடைக்கும், பயப்பட வேண்டாம்.

எந்த உறுப்பு வழிகிறது என்று தெரியாவிட்டால், நட்சத்திரக் குறிக்கு அவுட்லைன் 1பிஎக்ஸ் சிவப்பு என்று ஒரு வரி போடுங்கள். திரை திருவிழா மாதிரி ஆகும், ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது யார் என்று தெரிந்துவிடும். இந்த வேலைக்கு பார்டர் வேண்டாம். அது இடத்தைப் பிடித்து அளவையே மாற்றிவிடும்.

ஜூம் செய்தாலும் தலைப்பு பெரிதாகவில்லை

தலைப்புக்கு ஃபான்ட்-சைஸ் 4விடபிள்யூ. 1366 அகலத்தில் 54.6 பிக்சல். 200% ஜூம் செய்கிறீர்கள். பிரவுசர் கணக்கில் திரை 683 ஆகிறது, 4விடபிள்யூ 27.3 ஆகிறது, அதை இரண்டு மடங்காகக் காட்டினால் மறுபடி 54.6. பயனர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார், தலைப்பு கல்லாக நிற்கிறது. எழுத்தை 200% வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி அணுகல் விதிகளில் ஒன்று. போனில் வேறு இதே தலைப்பு 360 அகலத்தில் 14.4 ஆகி, பத்தியைவிடச் சிறிதாகிவிடும்.

கிளாம்ப் (குறைந்த அளவு, நடுக் கணக்கு, உச்சம் என்று மூன்றை வாங்கும் சிஎஸ்எஸ் கணக்கு) எழுதுங்கள்: 1.75ரெம், 1.2ரெம் + 2.5விடபிள்யூ, 3ரெம். குறைந்தது 28 பிக்சல், அதிகபட்சம் 48. நடுவில் இருக்கும் கணக்கில் ரெம் கலந்திருப்பதுதான் முக்கியம், ஜூமுக்கும் பயனர் அமைப்புக்கும் அசைந்து கொடுப்பது அந்தப் பகுதி. உச்சம், குறைந்த அளவின் இரண்டரை மடங்கைத் தாண்டாமல் பாருங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்கள் 500% வரை ஜூம் தருவதால் அந்த வரம்புக்குள் எப்படியும் இரண்டு மடங்கு கிடைத்துவிடும்.

கிளாம்ப் எழுதியும் ஒன்றுமே நடக்கவில்லையா? கூட்டல் குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விட்டீர்களா என்று பாருங்கள். விடாவிட்டால் பிரவுசர் அந்த வரியையே சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். ஒரு முழு மதியத்தை நான் இதில் தொலைத்திருக்கிறேன்.

ஹைட் 100% கொடுத்தும் பெட்டி எழும்பவில்லை

சதவீத உயரம் தாயின் உயரத்தைப் பார்க்கும். தாய் 'எனக்கு உயரம் பிள்ளைகளைப் பொறுத்தது' என்று ஆட்டோவில் நின்றால், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தாய்க்குத் திட்டமான உயரம் கொடுங்கள், அல்லது தாயை ஃப்ளெக்ஸோ கிரிடோ ஆக்கிவிட்டுச் சதவீதத்தை எடுத்துவிடுங்கள்.

பேடிங்-டாப் 10% எதிர்பாராத அளவில் வந்தால் அதுவும் சரிதான்: மேல் கீழ் பேடிங், மார்ஜின் இரண்டிலும் சதவீதம் தாயின் அகலத்தைப் பார்க்கும். இந்த விசித்திரத்தை வைத்துத்தான் ஒரு காலத்தில் வீடியோவுக்கு 56.25% பேடிங் கொடுத்து 16-க்கு 9 விகிதம் கொண்டுவந்தோம். இப்போது ஆஸ்பெக்ட்-ரேஷியோ இருக்கிறது, பழைய வரியைப் பார்த்தால் தயங்காமல் அழியுங்கள்.

படிவத்தின் எழுத்து மட்டும் சிறிதாக வருகிறது, ஐபோனில் தொட்டால் பக்கம் ஜூம் ஆகிறது

இன்புட், பொத்தான், செலக்ட் இவையெல்லாம் வீட்டோடு ஒட்டாத பிள்ளைகள். பாடியின் எழுத்தளவை வாங்கிக்கொள்ளாமல் தங்களுக்கென்று 13.33 பிக்சல் வைத்திருக்கும். அவற்றுக்குக் கொடுத்த எம் பேடிங்கும் அந்தச் சின்னக் கையால்தான் அளக்கப்படும். ஃபான்ட் இன்ஹெரிட் என்று ஒரு வரி போதும். ஐபோன் சஃபாரி, 16 பிக்சலுக்குக் குறைந்த இன்புட்டைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 1ரெம் கொடுத்துவிட்டால் அதுவும் நிற்கும். இதைத் தடுக்க வியூபோர்ட்டில் மேக்ஸிமம்-ஸ்கேல் 1 என்று பூட்டுப் போடும் யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது, வேண்டாம். பார்வை குறைந்தவர் கையைக் கட்டுவது அது.

கோட் பகுதியில் எழுத்து குட்டியாக வந்தால் ஏறக்குறைய இதே குடும்பக் கதை. ஃபான்ட்-ஃபேமிலி வெறும் மோனோஸ்பேஸ் என்றிருந்தால் பிரவுசர்கள் 16-க்குப் பதில் 13-ஐ அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். மோனோஸ்பேஸ், மோனோஸ்பேஸ் என்று இரண்டு முறை எழுதினால் சரியாகிவிடும். பார்க்க எழுத்துப்பிழை மாதிரி இருக்கும், யாராவது 'சுத்தம் செய்கிறேன்' என்று ஒன்றை அழித்துவிடாமல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

போனில் முழுப் பக்கமும் தபால்தலை அளவில் தெரிகிறது

வியூபோர்ட் மெட்டா குறி விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் 980 பிக்சல் அகலத் திரை இருப்பதாகப் பாவித்துப் பக்கத்தை அமைத்துச் சுருக்கிக் காட்டும். விட்த்துக்கு டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1. அவ்வளவுதான்.

அதே கார்டு, முகப்பில் அழகு, பக்கவாட்டுப் பத்தியில் அலங்கோலம்

கார்டின் தலைப்பை விடபிள்யூவில் அளந்திருப்பீர்கள். விடபிள்யூவுக்குத் திரைதான் தெரியும், கார்டு 280 பிக்சல் பத்திக்குள் அடைபட்டிருப்பது தெரியாது. கார்டின் உறைக்கு கன்டெய்னர்-டைப் இன்லைன்-சைஸ் கொடுத்துவிட்டு, கிளாம்பின் நடுக் கணக்கில் விடபிள்யூ இருந்த இடத்தில் சிக்யூஐ என்று மாற்றுங்கள். 1சிக்யூஐ என்பது உறையின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு. அகலம் இப்போது சின்னதாக இருப்பதால் பெருக்கும் எண்ணைக் கூட்ட வேண்டியிருக்கும். 280 பிக்சல் உறையில் 5சிக்யூஐ 14 பிக்சல்தான். மாற்றிய பிறகும் எழுத்து திரையோடுதான் சேர்ந்து ஆடுகிறது என்றால், கன்டெய்னர்-டைப்பை உறைக்குக் கொடுக்காமல் தலைப்புக்கே கொடுத்திருப்பீர்கள். ஒரு உறுப்பு தன்னையே வைத்துத் தன்னை அளக்காது, மேலே உறை தேடிப் போகும், எதுவும் கிடைக்காவிட்டால் திரையிடமே திரும்பிவிடும்.